சுருட்டுக்கு ஆறு மாசம்

தேஹு ரோடு டெப்போ குவார்ட்டர்ஸில் கிரிஜா வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் சமையலறையைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். பருப்பு டப்பா, புளி ஜாடி, மிளகாய்த்தூள் என்று எல்லாவற்றின் கழுத்திலும் ஒரு சீட்டு தொங்கும். வந்த தேதி, திறந்த தேதி, தீர வேண்டிய தேதி. அத்தனையும் அவள் புருஷன் வசந்தகுமாரின் கைங்கரியம். ராணுவ டெப்போவில் முப்பத்தைந்து வருஷமாக ஸ்டோர் கீப்பர். ஷெட்டில் செய்ததையே வீட்டிலும் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே, செருப்புப் பெட்டியில், எல்.ஐ.சி. பத்திரங்கள் வைத்த பையில் என்று எங்கே கை விட்டாலும் ஒரு சிலிக்கா பொட்டலம் அகப்படும். ஈரத்தை உறிஞ்சுகிற அந்தக் குட்டிப் பொட்டலங்களின் மேலேயும் பேனாவால் தேதி போட்டிருப்பார். புனே மழை நாலு மாசம் சுவரையே நனைக்கும் என்பது அவர் கட்சி. “என் கழுத்துலதான் ஒரு சீட்டு மாட்டல” என்பாள் கிரிஜா. ஆகுர்டியில் ஹிந்தி டீச்சர். வகுப்பில் அவள் சும்மா நின்றாலே அறுபது பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். ஒன்றை நினைத்துவிட்டால் நடத்தாமல் விடமாட்டாள், அது நல்லதோ கெட்டதோ.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் டெப்போவிலிருந்து மாற்றலாகிப் போன கர்னல் சாப், வசந்தகுமாருக்கு ஒரு மரப்பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பத்துச் சுருட்டு. ஊரில் கிழவர்கள் பிடிக்கிற கறுப்புச் சுருட்டு இல்லை. கப்பலேறி வந்தது, தங்கக் காகிதத்தில் மோதிரம் போட்டது. வசந்தகுமார் அதைச் சுருட்டு என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார், சிகார் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது அவர் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் ஊதிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, முதல் காரியமாக அதற்குள் இரண்டு சிலிக்கா பொட்டலத்தைப் போட்டு மூடினார்.

சாங்வியில் இருக்கும் மகள் அம்ருதா வீடியோ காலில் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “அரே அப்பா, யே க்யா கியா? சிகாருக்கு ஈரம் வேணும்பா. நீங்க ஃபுல் உல்டா பண்ணிட்டீங்க. காஞ்சு போச்சுன்னா அது வெறும் வைக்கோல்!”

ஈரம்தான் எதிரி என்று முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட மனுஷனுக்கு அது பெரிய அடி. பொட்டலங்களை எடுத்துவிட்டு, மூடி இறுகும் கண்ணாடி டப்பா ஒன்று வாங்கி, அதற்குள் மரப்பெட்டியை வைத்து, பக்கத்தில் ஈரப் பஞ்சும் ஈரத்தை அளக்கிற சின்ன மீட்டரும் வைத்தார். அறுபத்தைந்திலிருந்து எழுபதுக்குள் நிற்க வேண்டும் என்று அம்ருதா சொன்னதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாசமே நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனி ஒரு சிகரெட் பிடித்தாலும் என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வசந்தகுமார் எல்லாவற்றையும் விட ஒப்புக்கொண்டார். லைட்டரைக் கொடுத்தார், ஆஷ்ட்ரேயைக் கொடுத்தார். அந்த டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்றார். “இதுல ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் கேக்க மாட்டேன்.”

பிடுங்கினால் கோபத்தில் கடைக்குப் போய்விடுவார் என்று கிரிஜாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஃபோனில் தேடியிருந்தாள். சுருட்டை எத்தனை நாள் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதில் உலகத்தில் இரண்டு பேருக்கு ஒத்த கருத்து இல்லை. ஒருத்தர் ரெண்டு வாரம் என்கிறார், ஒருத்தர் பத்து வருஷம் என்கிறார். இதைவிட நல்ல செய்தி அவளுக்கு அந்த வாரம் வேறெதுவும் கிடைக்கவில்லை.

“வாங்கின உடனே பிடிச்சா ருசியே இருக்காதாமே. ஆறு மாசம் வெச்சாத்தான் பதமா வருமாம்” என்றாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆறு மாசம்தானே” என்றார்.

அன்றைக்கே ஒரு கார்டு எழுதி டப்பாவின் பக்கத்தில் கட்டினார். டெப்போவில் ஒவ்வொரு சாமானோடும் அப்படி ஒரு கார்டு தொங்கும். அதில் போட்ட தேதிக்கு முன்னால் மேலதிகாரியே வந்து நின்றாலும் சாமான் வெளியே போகாது. தேதியை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே அந்த இரண்டு பேர் அவரும் அவளும்.

ஆறு மாசம் முடிந்த அன்று அவர் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிரிஜா ஃபோனோடு போய் நின்றாள். ஆறு மாசத்தில் பச்சை வாடைதான் போகுமாம், ஒரு வருஷமானால்தான் மணமே பிடிக்குமாம் என்று வாசித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வருஷம் மூணு வருஷமாயிற்று. மூணு வருஷம் முடிந்தபோது அவளிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. “ரிடையர் ஆகுற அன்னிக்குப் பிடிங்களேன், அதானே விசேஷம்?” என்று வாய் தவறி ஒரு தேதியைக் கொடுத்துவிட்டாள். மே முப்பத்தொன்று. அவர் அதை எழுதி, பேனாவை நீட்டினார். வேறு வழியில்லாமல் போட்டாள்.

அந்த மே இந்த வருஷம் வந்துவிட்டது.

மார்ச்சில் செக்கப்புக்குப் போனபோது கிரிஜா தனியாக டாக்டரைப் பிடித்துக் கேட்டாள். ஒண்ணே ஒண்ணு என்று ஒன்று கிடையாதம்மா, அந்த ஒண்ணு மத்ததை எல்லாம் கூட்டிக்கொண்டு வரும் என்றார் டாக்டர். அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தக் கண்ணாடி டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியின் பச்சைத் திரைதான் ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டவளே போய்ப் பிடிக்காதீங்க என்று சொன்னால் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், கார்டைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். ஆனால் சுருட்டே கெட்டுப் போயிருந்தால்? பற்றவைத்ததும் வைக்கோலாகக் கசந்தால் அவரே தூக்கி எறிந்துவிடுவார். அம்ருதா அன்றைக்குச் சொன்னது கிரிஜாவுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது.

ஏப்ரல் முதல் வாரம், அவர் டெப்போவுக்குக் கிளம்பிய பிறகு, பட்டுப்புடவை டிராயரிலிருந்து இரண்டு சிலிக்கா பொட்டலங்களை எடுத்தாள். மரப்பெட்டிக்குள் அடியில் விரித்திருந்த மெல்லிய பலகைத் தகட்டை நெம்பி, அதற்குக் கீழே செருகினாள். பஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, அதையும் பிழிந்துவிட்டு வைத்தாள். ஒன்பது ஐந்து லோக்கல் ரயிலைப் பிடித்து ஆகுர்டி போய், நாலாம் வகுப்புக்கு வினைச்சொல் நடத்தினாள்.

தினம் காலையில் வசந்தகுமார் காபி டம்ளரோடு டப்பா முன்னால் நின்று மீட்டர் எண்ணைக் கார்டில் எழுதுவார். அறுபத்தெட்டு இருந்தது அறுபத்து நாலாயிற்று. அப்புறம் அறுபது. அப்புறம் ஐம்பத்து மூன்று. “வெயிலு” என்றார் முதலில். டப்பாவைப் பால்கனிப் பக்கத்திலிருந்து எடுத்துச் சமையலறை மூலையில் வைத்தார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். பஞ்சை நனைத்தார். எண் ஏறவில்லை. மீட்டர்தான் பொய் சொல்கிறதோ என்று, ஈர உப்பைக் குப்பி மூடியில் வைத்து மீட்டரோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி ஒரு நாள் பூராவும் விட்டார். எழுபத்தைந்து காட்டினால் மீட்டர் சரி என்று எங்கேயோ படித்திருக்கிறார். மீட்டர் சொல்லிவைத்ததுபோல எழுபத்தைந்து காட்டியது.

“மீட்டர் சரியாத்தான் கீது. என் கைலதான் ஏதோ தப்பு” என்றார்.

மாசத்தின் முதல் ஞாயிறு அவர் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு சுருட்டையும் புரட்டி வைக்கிற நாள். கிரிஜா சனிக்கிழமை சாயங்காலமே, அவர் பால் வாங்கப் போன நேரம் பார்த்துப் பொட்டலங்களை எடுத்துவிட்டாள், திங்கட்கிழமை திரும்ப வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு சுருட்டைக் காதருகே வைத்து மெதுவாக அழுத்தியதையும், அது சருகு மாதிரி நெரிந்ததையும், அவர் அதை அவசரமாகத் திரும்ப வைத்ததையும் அவள் வெங்காயம் நறுக்கியபடி பார்த்தாள். நல்லா வேணும் என்று நினைக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. இன்னும் நாலு வாரம், பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும்.

அவர் சாப்பாடு குறைந்தது. ரிடையர்மென்ட் ஃபாரங்கள் மேஜையில் கிடக்க, சிகார் சம்பந்தமான காகிதங்களையே புரட்டிக்கொண்டிருந்தார். பி.பி. மாத்திரை வேளைக்கு எடுத்தும் எண் ஏறியிருந்தது. ஒரு எண் இறங்க, இன்னொன்று ஏற, இரண்டையும் அவரே கார்டிலும் டைரியிலும் எழுதிக்கொண்டிருந்தார்.

மே இருபதாம் தேதி வாக்கில், மத்தியானம் மூன்று மணிக்கு, லீவிலும் ரிசல்ட் வேலைக்காக ஆகுர்டி போய்விட்டு லோக்கலை விட்டு இறங்கிய கிரிஜாவை ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் டெப்போவில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்த சலீம் நிறுத்தினார். வசந்தகுமாரோடு ஒரே ஷெட்டில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர், ஆம்பூர்க்காரர். பாதி டெப்போவின் சிகரெட்டை அவரே பிடித்துத் தீர்ப்பார், மறைக்கவும் மாட்டார்.

“அண்ணி, ஒரு விஷயம். வசந்த் வீட்ல எப்படி கீறான்?”

“ஏன்ணா?”

“நேத்து டீ குடிக்க டப்ரிக்குப் போனோம். கடைக்காரன்கிட்ட ஒரு சிகரெட் கேட்டு வாங்கிட்டான் அண்ணி. இந்தக் கையால.” அவர் நீட்டியதுபோலவே சலீம் தன் கையை நீட்டிக் காட்டினார். “அஞ்சு வருஷமா நான் எத்தினி தடவை நீட்டிகிறேன், சும்மா வம்புக்கு. ஒரே பதில்தான் சொல்வான். ‘என்னுது வீட்ல கீது, இன்னும் ஆகல’ன்னுவான். ஷெட்ல எல்லாரும் அவனைக் கிண்டல் பண்ணுவோம், உன்னுது எப்பதான்டா ஆவும்னு. நேத்து அதைச் சொல்லல. ‘அது போச்சு சலீம், எல்லாம் காஞ்சு போச்சு’ன்னு சொல்லிட்டு சிகரெட்டை வாங்கினான்.”

கிளம்ப இருந்த ஆட்டோவைக் கிரிஜா போகச் சொன்னாள். “பத்த வெச்சாரா?”

“இல்ல. ரொம்ப நேரம் வெச்சுகினு நின்னான். அப்புறம் என் பாக்கெட்ல போட்டுட்டுப் போய்ட்டான். நாளைக்கும் அப்பிடியே போடுவான்னு நான் எப்பிடி சொல்றது?”

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, விளங்கினது அவமானமாக இருந்தது. எந்த டப்பாவைப் பார்த்து அஞ்சு வருஷம் பயந்தாளோ, அதுதான் அந்த மனுஷனைக் கடை வாசலிலிருந்து தினம் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதைத்தான் அவள் பிடித்து உலர்த்தியிருக்கிறாள். அழுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. செய்ததைச் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே, அவர் செருப்பைக் கழற்றியதும்.

சாயங்காலம் அவர் வந்து, முகம் கழுவி, வழக்கம்போல டப்பாவை மேஜைக்கு எடுத்து வந்தார். மீட்டர் நாற்பத்தேழு. கிரிஜா பக்கத்தில் வந்து நின்று, மூடியைத் திறந்து, பலகைத் தகட்டை நெம்பி, இரண்டு பொட்டலங்களையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“நான்தான் வெச்சேன். ஏப்ரல்லேர்ந்து. உங்க கைல ஒரு தப்பும் இல்ல.”

அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். மேலே அவர் கையெழுத்திலேயே தேதி இருந்தது. “இது உன் பட்டுப்புடவை டிராயர்துல்ல?” என்றார். மனுஷனுக்கு அந்த நேரத்திலும் முதலில் சரக்குக் கணக்குதான் வந்தது. அப்புறம்தான் முகம் மாறியது.

“ஏன் கிரிஜா?”

“நீங்க பிடிச்சுடுவீங்கன்னு பயம். வேற என்னா? நான் கையெழுத்துப் போட்டாச்சு, வேண்டாம்னு சொல்ல வாய் இல்ல. கெட்டுப் போனா விட்டுடுவீங்கன்னு நெனைச்சேன். நீங்க டப்ரில போய் நின்னீங்களாம். சலீமண்ணா சொன்னாரு.”

அவர் சுருட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார். காலியான மரப்பெட்டியைக் கவிழ்த்து அவள் பக்கம் தள்ளினார். “படி.”

அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. இலையை மூன்று வருஷம் பதப்படுத்திச் சுருட்டியது, பெட்டியைத் திறந்ததும் பிடிக்கலாம் என்று. அஞ்சு வருஷத்தில் கிரிஜா அந்தப் பெட்டியை ஒரு தடவையும் கவிழ்த்துப் பார்த்ததில்லை. தொடவே அருவருப்பு அவளுக்கு. பொட்டலங்களை வைக்க, எடுக்க மட்டும்தான் தொட்டாள்.

“சாமான் வந்தா மொதல்ல அடியைத்தான் நான் படிப்பேன். முப்பத்தஞ்சு வருஷம் அதுதானே பொழப்பு. வந்த அன்னிக்கே படிச்சுட்டேன்” என்றார்.

“அப்ப நான் ஆறு மாசம்னு சொன்னப்போ?”

“பொய்னு தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“ஜென்மத்துக்கும் விடுன்னு டாக்டர் சொன்னாரு. என்னால முடியாதுன்னு அங்கியே தெரிஞ்சு போச்சு. நீ ஆறு மாசம்னு சொன்னே. ஆறு மாசம் முடியும்னு தோணிச்சு.” ஒரு சுருட்டை விரலால் உருட்டினார். “அது முடிஞ்சதும் இன்னொண்ணு சொன்னே. அதுவும் முடியும்னு தோணிச்சு.”

கிரிஜா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“நான் இதை வெக்காம இருந்தா, முப்பத்தொண்ணாம் தேதி பிடிச்சிருக்க மாட்டீங்களா?”

“தெரியல. அதான் நெஜம். பிடிச்சாலும் பிடிச்சிருப்பேன்.” அவர் குரல் உயர்ந்தது, அதுவரை உயராதது. “ஆனா நீ கேட்டிருக்கணும். அஞ்சு வருஷம் பொய் சொன்னே, எல்லாம் என் மூஞ்சிக்கு நேரா சொன்னே. அதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல. இது மறைஞ்சு செஞ்சது. என் கைய நானே நம்பாம போய்ட்டேன் கிரிஜா, ரெண்டு மாசமா.”

“தப்புதான்” என்றாள் கிரிஜா. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டவர்கள் அந்த வீட்டிலும் இல்லை, ஆகுர்டி பள்ளிக்கூடத்திலும் இல்லை. “இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். தேதி வரும்போது நீங்களே பாத்துக்குங்க. பிடிச்சாலும் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்.”

மறுநாள் காலையில் அவர் பஞ்சை நனைத்து வைத்தபோது அவள் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். சேர்ந்தாற்போல நனைக்கக் கூடாது, சொட்டுச் சொட்டாகத்தான் என்று தண்ணீரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

மே முப்பத்தொன்று. ஷெட்டில் மாலை போட்டு, பேடா கொடுத்து, சால்வை போர்த்தி, டோலக் அடித்து ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். சலீம்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதார். அம்ருதா சாங்வியிலிருந்து கேக்கோடு வந்து, வெட்டி, ஃபோட்டோ எடுத்து, சலீம் அங்கிளை வீட்டில் விடுகிறேன் என்று காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஐந்தரை மணி வெயில் பால்கனியில் கிடந்தது. வசந்தகுமார் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாற்காலி போட்டார். கண்ணாடி டப்பாவை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு நாற்காலியை அவர் போடவில்லை, அவளே இழுத்து வந்து போட்டுக்கொண்டாள்.

வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னவள், திறக்கவில்லை. தீப்பெட்டியைச் சமையலறையிலிருந்து கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைத்தாள். அதை வைப்பதற்குள் அவள் எத்தனை தடவை செத்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். மடியில் கையைக் கோத்துக்கொண்டு எதிரே இருந்த வேப்பமரத்தையே பார்த்தாள்.

அவர் ஒரு சுருட்டை எடுத்தார். மோதிரக் காகிதத்தைத் தடவினார். மூக்கின் கீழே வைத்து நீளமாக இழுத்தார். தீப்பெட்டியைப் பார்த்தார், அதை வைத்தவளைப் பார்த்தார். அப்புறம் சுருட்டைக் காதருகே கொண்டுபோய் மெதுவாக அழுத்தினார். லேசாக நெரிகிற சத்தம் கிரிஜாவுக்கும் கேட்டது.

“இன்னும் ஆகல” என்றார்.

அவள் திரும்பினாள்.

“காஞ்சதை அவசரப்படுத்தினா இலை வெடிச்சுரும். மீட்டரு இப்பதான் அம்பத்தெட்டுக்கு வந்துகீது. மெதுவாத்தான் ஏத்தணும்.” சுருட்டை அதன் இடத்திலேயே படுக்க வைத்து, மூடியை அழுத்தி மூடினார். கார்டைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

காய்ந்த சுருட்டைத் தேற்ற அதிகம் போனால் ஒன்றரை மாசம் ஆகும் என்று இந்தப் பத்து நாளில் கிரிஜா எட்டு இடத்தில் படித்திருந்தாள். ஒரு இடத்திலும் வேறு மாதிரி போடவில்லை.

“எவ்ளோ நாளாகும்?” என்று கேட்டாள்.

“ஆறு மாசம்.”

நவம்பர் முப்பது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கார்டையும் பேனாவையும் அவள் பக்கம் நீட்டினார். கண் எழுத்தில் நிற்காமல் கலங்கியதால் கிரிஜா அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அவர் பெயருக்குக் கீழே தன் பெயரை முழுசாக எழுதினாள்.

“ஆறு மாசம்தானே” என்றாள்.